ஆனதும் ஆக்கியதும்

ஒரகடம் சிப்காட்டில் வெல்டிங் லைன் பையன்கள் பேசிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டால், பெயரெச்சத்தின் ஆறு பொருளும் அந்தப் பேச்சில் வந்துவிடும். வெல்டு பண்ண பையன், வெல்டு பண்ண ஜாயிண்ட், வெல்டு பண்ண மிஷின், வெல்டு பண்ண ஷிஃப்ட், வெல்டு பண்ண இடம், வெல்டு பண்ண வேலை. ‘பண்ண’ என்பது ‘பண்ணின’ என்பதன் பேச்சு வடிவம். ஆறு இடத்திலும் எச்சம் ஒன்றேதான். செய்தவன் யார், செய்யப்பட்டது எது, எதைக்கொண்டு, எப்போது, எங்கே என்று எந்த விகுதியும் பிரித்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பையனை யாரும் வெல்டு செய்ய மாட்டார்கள், ஜாயிண்ட் யாரையும் வெல்டு செய்யாது என்பது கேட்பவருக்குத் தெரியும்.

நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறுக்கும் ‘செய்யும்’, ‘செய்த’ என்னும் வாய்பாடுகள் சம உரிமையோடு வரும் என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்லி வைத்திருக்கிறது. நன்னூல் ‘செய்கின்ற’ என்பதையும் சேர்த்துக்கொண்டு அதே ஆறைச் சொல்கிறது. உண்ட சாத்தன், உண்ட சோறு, உண்ட கலம் என்று வகுப்பறையில் மனப்பாடம் செய்தது இதைத்தான். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்த வடிவத்தை ரிலேட்டிவ் பார்ட்டிசிபிள் என்று குறிப்பிட்டார். தமிழின் எச்சம், ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியத் துண்டு செய்யும் வேலையைத் தனியாகச் செய்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டிருந்தது.

இந்தப் பையன்களில் ஒருவன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நேர்காணலுக்குப் போகிறான். ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப், சார்’ என்கிறான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு புன்னகை எழுந்து அடங்குகிறது. ‘இன்ட்ரஸ்டட்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தபின் நண்பன் திருத்துகிறான், இவனும் திருத்திக்கொள்கிறான். அடுத்த நேர்காணலில் ‘ஒர்க் இஸ் வெரி இன்ட்ரஸ்டட்’ என்று மறுபக்கம் சாய்கிறான். ஏன் இது, ஏன் அது இல்லை என்று பன்னிரண்டு ஆண்டுப் பள்ளியும் மூன்று ஆண்டு டிப்ளமோவும் அவனுக்குச் சொல்லவில்லை. இந்த ஊர்ப் பக்கத்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களோடு மாலை வேளைகளில் ஆங்கிலம் பேசிப் பழகுகிறவன் நான். அவர்கள் மந்தமானவர்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சாவி தவறானது.

அந்தச் சாவியின் பெயர் காலம். ‘இங்’ என்று முடிவது ப்ரசண்ட் பார்ட்டிசிபிள், நிகழ்காலம்; ‘எட்’ என்று முடிவது பாஸ்ட் பார்ட்டிசிபிள், இறந்தகாலம். பாடப்புத்தகம் இப்படிப் பெயர் சூட்டியவுடன் பையன் நியாயமாகவே யோசிக்கிறான்: எனக்கு இப்போது ஆர்வம் இருக்கிறது, அதனால் இன்ட்ரஸ்டிங். அவன் தர்க்கத்தில் பிழையே இல்லை. பெயரில்தான் பிழை. போன வருடம் பார்த்த படமும் போரிங்தான். அடுத்த வாரம் நடக்கப்போகும் மீட்டிங்கில் நாம் உட்காரப்போவதும் போர்டு ஆகத்தான். நேற்று, இன்று, நாளை எதுவும் இந்த விகுதிகளைத் தொடவில்லை. அவை கேட்பது வேறு கேள்வி: இந்தப் பெயர்ச்சொல் செயலைச் செய்கிறதா, செயலுக்கு ஆளாகிறதா? லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த பழைய பெயர்களை ஆங்கிலம் பேசுகிறவர்கள் பொருட்படுத்துவதில்லை, பெயரைப் படிக்காமலே அவர்களுக்குப் பேச வந்துவிடுகிறது. பெயரிலிருந்து தொடங்கி மொழிக்குப் போகிறவன் நம் பையன்தான்.

தமிழ்ப் பாடத்தில் படித்த ஆறையே இதற்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்று நினைக்கும்போது ஆதங்கமாக இருக்கிறது. வெல்டிங் லைனின் ஆறு தொடரையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வினைமுதல், வெல்டு பண்ணுகிற ரோபோ, வெல்டிங் ரோபோ. கருவி, வெல்டிங் மிஷின். இடம், வெல்டிங் ஷாப். காலம், வெல்டிங் டைம். வினை, வெல்டிங் ஒர்க். ஆறில் ஐந்து ‘இங்’ வாங்கிக்கொள்கின்றன. செயப்படுபொருள் ஒன்று மட்டும் தனியே பிரிந்து போய் ‘எட்’ வாங்குகிறது: வெல்டட் ஜாயிண்ட். இந்த ஐந்திலும் ‘இங்’ ஒரே தன்மையது அல்ல. ரோபோவுக்கு முன்னால் நிற்பது எச்சம், மிஷினுக்கு முன்னால் நிற்பது தொழிற்பெயர் என்று ஆங்கில இலக்கணக்காரர் பிரிப்பார். வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவனுக்கு அந்தப் பிரிப்பு அவசியமில்லை. நன்னூலின் ஆறு பொருளில் ஒன்றைத் தனியே எடுத்து வைக்கத் தெரிந்தால் போதும். தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த அறையில் நடந்துகொண்டு ஒன்றையொன்று பார்க்காமலே இருக்கின்றன.

விலக்குகள் உண்டு. ட்ரிங்கிங் வாட்டரில் தண்ணீர் குடிக்கவில்லை, குடிக்கப்படுகிறது; ஆனாலும் ‘இங்’. இதற்கு வினைத்தொகையை நினைத்துக்கொள்ளலாம். குடிநீர் என்னும்போது குடித்த நீரா, குடிக்கிற நீரா என்று நாம் கேட்பதில்லை. குடிப்பதற்கென்று உள்ள நீர், அவ்வளவுதான். நம் கம்பெனிகளில் அதிகம் புழங்கும் ரிப்போர்ட்டிங் மேனேஜர் என்ற தொடரும் இந்த வகைதான். நாம் யாரிடம் ரிப்போர்ட் செய்கிறோமோ அந்த மேனேஜர். ஆங்கிலம் தாய்மொழியானவர் அதைக் கேட்டால் ‘ரிப்போர்ட் செய்கிற மேனேஜர்’ என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார். நம்முடைய பெயரெச்சப் பழக்கம் ஆங்கிலச் சட்டைக்குள் புகுந்துகொண்ட இடம் அது. அதைப் பிழையென்று நான் சொல்ல மாட்டேன். நாடு முழுவதும் புரிகிறது, நிற்கட்டும்.

இலக்கணப் புத்தகம் தெரியாதவர்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். ஷாப் ஃப்ளோர் தமிழ் ஆங்கில வினைகளைக் கடன் வாங்கும்போது அவற்றை வெறுமனே விடுவதில்லை. ஒன்று ‘ஆ’ சேர்க்கிறது, இல்லையென்றால் ‘பண்ணு’ சேர்க்கிறது. ரிஜெக்ட் ஆன பீஸ், ரிஜெக்ட் பண்ற இன்ஸ்பெக்டர். டென்ஷன் ஆன சூப்பர்வைசர், டென்ஷன் பண்ற டார்கெட். கன்ஃப்யூஸ் ஆன ஆப்பரேட்டர், அவனைக் கன்ஃப்யூஸ் பண்ற டிராயிங். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் தப்பாகச் சொல்வதுமில்லை. ரிஜெக்ட் ஆன பீஸ் ரிஜெக்டட். ரிஜெக்ட் பண்ற ஆள் ரிஜெக்டிங். கன்ஃப்யூஸ் ஆன ஆள் கன்ஃப்யூஸ்டு. கன்ஃப்யூஸ் பண்ற டிராயிங் கன்ஃப்யூசிங். தன்வினை, பிறவினை என்று நாம் படித்தது ஆங்கிலச் சொற்களின் முதுகில் ஏறி உயிரோடு உலவுகிறது. சந்தேகம் வந்தால் ‘ஆன’ போட்டுப் பார்க்கலாம். வெல்டு ஆன ஜாயிண்ட், பொருந்துகிறது. வெல்டு ஆன ரோபோ, பொருந்தவில்லை.

இந்தச் சோதனை ஆங்கிலப் பாடப்புத்தகம் தடுமாறும் இடத்தையும் கடந்துவிடுகிறது. ‘எட்’ என்றால் செயப்பாட்டுப் பொருள் என்று புத்தகம் சொல்லும். அப்படியானால் எக்ஸ்பயர்டு பசையை எக்ஸ்பயர் பண்ணியது யார், ரிட்டையர்டு ஃபோர்மேனை ரிட்டையர் பண்ணியது யார்? யாருமில்லை; இந்தப் பொருளில் அந்த வினைகளுக்குச் செயப்படுபொருளே கிடையாது. எக்ஸ்பயர் ஆன பசை, ரிட்டையர் ஆன ஃபோர்மேன் என்று தமிழில் சொன்னால் சிக்கல் தீர்ந்தது. லீக் ஆன ஆயில் தரையில் கிடக்கிறது, அது லீக்டு. லீக் ஆகிற வால்வு இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது, அது லீக்கிங். இங்கே மட்டும் காலத்தின் சாயல் கொஞ்சம் படுகிறது. அதையும் முடிந்ததா முடியவில்லையா என்று கேட்பதே சரி.

இந்தப் பேச்சைக் கொச்சையென்றும் கலப்படமென்றும் ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதே வட்டாரத்தின் ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். அவர் காலத்தில், அவர் சொல்லி, திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி என்னும் உரையை எழுதினார். வடசொல்லும் தமிழும் கலந்த மணிப்பிரவாள உரை மரபு அந்த உரையோடு தொடங்குகிறது. அந்த மரபில் வடசொல்லோடு ‘பண்ணு’ சேர்த்து வினையாக்குவது சர்வ சாதாரணம். அனுபவம் பண்ணுவதும் வெல்டு பண்ணுவதும் ஒரே இலக்கணம். வேற்றுமொழிச் சொல்லை உள்ளே எடுத்து, அதற்குச் செய்பவனா ஆளாகிறவனா என்ற நம் கேள்வியைக் கேட்டு, விடையைத் துணைவினையில் பொறித்து வைப்பது இந்த மொழியின் பழைய திறமை. லைனில் பக்கத்தில் நிற்கும் பீகார், ஒடிசாக்காரப் பையன்களின் இந்தியிலும் இதே இரட்டை உண்டு: ரிஜெக்ட் ஹுவா, ரிஜெக்ட் கர்னேவாலா. தமிழ்ப் பையனும் அவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருக்க முடியும்.

அப்படியானால் ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ எங்கிருந்து வருகிறது? ஆன, பண்ற இரண்டும் எட்டாத இடத்திலிருந்து. ‘இன்ட்ரஸ்ட் ஆனேன்’ என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இன்ட்ரஸ்ட் இருக்கு. ‘படம் போரடிக்குது’, ‘எனக்குப் போரடிக்குது’, இரண்டுக்கும் ஒரே வினை. பாய்லர் ரூம் பயமாக இருக்கு, எனக்குப் பயமாக இருக்கு; சொல் மாறவேயில்லை. தமிழின் இத்தகைய தொடர்களில் உணர்ச்சி என்பது ஒருவன் செய்வதும் இல்லை, ஒருவன்மேல் இன்னொன்று செய்வதும் இல்லை. அது ஒருவனுக்கு வருகிறது, நான்காம் வேற்றுமையில். ஆங்கிலம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் பார்வையில் படம் என்னைப் போட்டுச் சலிக்க வைக்கிறது, பாய்லர் என்னை மிரட்டுகிறது, வேலை என்னை இழுக்கிறது. இழுக்கிற வேலை இன்ட்ரஸ்டிங், இழுபட்ட நான் இன்ட்ரஸ்டட். ‘எனக்கு’ என்று தோன்றுவதை ‘என்னை’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். நான்காம் வேற்றுமையை இரண்டாக்க வேண்டும். நான் கேட்ட தடுமாற்றங்களில் பெரும்பகுதி இந்த ஒரு கைப்பிடிச் சொற்களில்தான்: இன்ட்ரஸ்ட், போர், எக்ஸைட், டிஸப்பாயிண்ட். ‘ரிஜெக்டிங் பீஸ்’ என்று டேக்கில் எழுதிய ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் நேர்காணல் நாகரிகம், பிழைப்புக்குப் பெரிய தடையில்லை என்று சொல்லலாம். ஆனால் இரும்புக்கு அருகில் நிற்பவனுக்கு இந்த விகுதிகளின் எடை வேறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெயிடவோ யாரை அனுமதிக்கலாம் என்று 22ஆம் பிரிவில் சொன்னது. தனிப்பயிற்சி பெற்ற, வயதுவந்த ஆண் தொழிலாளி. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும். சட்டத்தின் சொல் டிரெயிண்டு. லைனில் புழங்கும் சொல் டிரெயினிங் பையன். டிரெயினிங் ஆப்பரேட்டர் என்று ஒரு தாளில் இருந்தால் அது பயிற்சி பெறுகிறவனையும் குறிக்கலாம், பயிற்சி கொடுக்கிறவனையும் குறிக்கலாம்; சட்டம் கேட்ட ஆள் அந்த இருவரில் முதலாமவன் அல்ல. டிரெயின் ஆன ஆளா, டிரெயின் ஆகிற ஆளா என்று தமிழில் கேட்டுவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை. அதே சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டுமென்று கேட்டது. இரண்டாவது மொழியை ஒரு சடங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதுமான காரணம்.

இனி இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ‘ஆன’ எளிமையானது, அந்த எளிமைக்குள் ஆக்கியவன் மறைந்துபோகிறான். ‘எட்’ விகுதியும் அப்படியே. நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. வரித் தகராறில் சிக்கிய அந்த ஆலை, மைக்ரோசாஃப்ட் கைபேசித் தொழிலை வாங்கியபோது விற்பனைக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றுபோனது. அதற்குச் சில மாதம் முன்பே விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு வெளியேறியிருந்தார்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ரிட்ரெஞ்ச்மென்ட் என்பதை முதலாளி ஒரு தொழிலாளியின் வேலையை முடித்துவைப்பது என்று வரையறுத்தது. தொழிலாளி தானாக விரும்பி ஓய்வு பெறுவதை அதிலிருந்து விலக்கியது. ரிட்ரெஞ்ச்டு, ரிட்டையர்டு இரண்டுக்கும் ஒரே ‘எட்’. முன்னதற்குப் பின்னால் ஆக்கியவன் ஒருவன் உண்டு, அவனுக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. பின்னதில் ஆனவன் மட்டும்தான் இருக்கிறான். இருபதுகளில் இருந்த பெண்களும் பையன்களும் ரிட்டையர்டு ஆனார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சில் அதை ‘வேலை போச்சு’ என்பார்கள். கோபம் வந்தால் ‘எடுத்துட்டாங்க’ என்பார்கள். அந்த ‘ஆங்க’ விகுதியில் பெயரில்லாவிட்டாலும் ஆள் இருக்கிறது.

2024 செப்டம்பர் 9 அன்று இதே வட்டாரத்துச் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. அந்த நாள்களின் ஆங்கிலச் செய்திகளில் அந்தத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக்கிங் ஒர்க்கர்ஸ். செய்கிறவர்கள், ‘இங்’ உடையவர்கள். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவானது. பிப்ரவரியில் சங்கத்தைச் சேர்ந்த மூவர் சஸ்பெண்டட் ஆகி மீண்டும் உள்ளிருப்புப் போராட்டம் எழுந்தது. ஐந்து மாதத்தில் ‘இங்’ ‘எட்’ ஆக மாறியதை நான் செய்தித்தாளில் படித்தேன். யார் பக்கம் நியாயம் என்று இந்தக் கட்டுரை தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு செய்தியைப் படிக்கும் தொழிலாளி, தன் பெயருக்கு முன்னால் எந்த விகுதி நிற்கிறது, அதை நிறுத்தியது யார் என்று பார்க்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

வாகன உதிரிபாக ஆலைகளில் விரல் இழக்கும் தொழிலாளர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. ஹரியானா வட்டாரத்தில் தொடங்கிய அந்த அறிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் கிரஷ்டு. நசுங்கியது என்று எடுத்துக்கொள்ளலாம், நசுக்கப்பட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். தமிழில் அப்படி விட முடியாது. நசுங்கிய விரல், நசுக்கிய ப்ரெஸ் என்று இரண்டு சொற்களை வைத்திருக்கிறோம். விபத்துப் படிவத்தில் இஞ்சூர்டு பர்சன் என்ற கட்டத்தை நிரப்பும்போது, அடுத்த வரியில் காயப்படுத்தியது எது, அதன் சென்சாரும் காப்புத் தடுப்பும் இருந்தனவா, வேலை செய்தனவா என்று எழுத இந்த வேறுபாடு மனத்தில் இருந்தால் போதும். ‘கை கட் ஆயிடுச்சு’ என்பதோடு ஒரு அறிக்கை முடியக் கூடாது.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வகுப்புகளிலும், ஐடிஐக்களின் எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் பாடத்திலும், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்து டிப்ளமோ கல்லூரிகளிலும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. ப்ரசண்ட், பாஸ்ட் என்ற பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். ரிஜெக்ட் ஆன பீஸ், ரிஜெக்ட் பண்ற ஆள் என்று எழுதுங்கள். மாணவர்களையே லைனிலிருந்தும் விடுதியிலிருந்தும் இன்னும் பத்துத் தொடர்கள் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘எனக்கு’ என்பதை ‘என்னை’ என்று மாற்றும் பயிற்சியை இன்ட்ரஸ்ட், போர் போன்ற சொற்களுக்குத் தனியாகக் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு ‘ஆன’வுக்கும் பின்னால் ஆக்கியது யார் என்று ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். பார்ட்டிசிபிள் என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.